நல்ல நம்பர் வந்தால்

நல்ல சேதி கேட்டதும் முகம் சுருங்கிப் போகிற ஒரு மனுஷியோடு நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கெட்ட சேதிக்கு அவர் முகம் அசையாது. "சரி" என்பார், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நல்ல சேதிதான் அவரைப் படுத்தும். நாளைக்கு லீவு என்றால், "யாரு சொன்னா?" என்பார். என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து நான் லட்டு நீட்டியபோது, லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "நீ போயி பாத்துட்டு வந்தியா, இல்ல ஃபோன்ல சொன்னாங்களா?" என்று கேட்டார். எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு ஆறு வருஷமும் வந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் லேப். முன் அறையில் நான். ரத்தம் எடுப்பது, மூத்திர டப்பா வாங்கி வைப்பது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது, வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. உள் அறையில் மெஷினோடு அவர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட மூன்று நாலு வயதுதான் பெரியவர். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே முதலாளி. அவ்வளவுதான் லேப்.

அக்கா அரும்பாவூர்க்காரர். தினமும் பஸ்ஸில்தான் வருவார், போவார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் கண்டக்டரிடம், "அரும்பாவூர் போகுமா?" என்று கேட்பார். போகும் என்பார் கண்டக்டர். விட்டுவிட வேண்டியதுதானே? நடந்து முன்பக்கம் போய் டிரைவரிடமும் கேட்பார். பஸ்ஸின் நெற்றியில் கொட்டை எழுத்தில் அரும்பாவூர் என்று எழுதியிருக்கும். ஒருநாள் அந்த டிரைவர், "ஏம்மா, டெய்லி இதே வண்டிதான், டெய்லி நான்தான், டெய்லி நீதான். என்னைக்காவது வேற ஊருக்குப் போயிருக்கனா?" என்று கத்தினார். "இன்னைக்குப் போகாதுன்னு என்ன நிச்சயம்ணே?" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர் கல்யாணக் கதையை அவர் புருஷனே எனக்குச் சொன்னார். பூலாம்பாடிக்காரர், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர், சிரித்த முகம். பெண் பார்த்துவிட்டுப் போய், பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீடே சந்தோஷப்பட்டிருக்கிறது. அக்கா மட்டும் புரோக்கரைப் பிடித்து, "ஒரு வாரம் போகட்டும். இன்னொரு தரம் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றாராம். "ரெண்டு தரம் புடிச்சிருக்குன்னு சொன்ன அப்புறந்தாம்மா எனக்கு இவளக் குடுத்தாங்க" என்று அந்த மனிதர் சொல்லும்போது அக்கா பக்கத்தில் நின்று டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது தரம் கொஞ்சம் யோசிச்சீங்களாம்ல" என்றார் திரும்பாமலே.

இனி அவர் வேலையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் மூத்திரத்தில் புரதம் போகிறதா என்று பார்க்க வருவார்கள். ஊரில் இதை "உப்பு போகுது" என்பார்கள். போவது உப்பில்லை, புரதம். ரத்தத்திலேயே நிற்க வேண்டியது, கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் கீழே இறங்கிவிடும். சர்க்கரைக்காரர்களுக்குப் பார்ப்போம். மாசமாக இருக்கிற பெண்களுக்குப் பார்ப்போம். பார்க்கிற விதம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. சின்னக் கண்ணாடி டியூபில் சிவப்பாக ஒரு மருந்து ஊற்றி, அதில் மூத்திரம் ஒரு பொட்டு விட்டு, கொஞ்ச நேரம் சூட்டில் வைக்க வேண்டும். புரதம் இருந்தால் சிவப்பு மாறிக் கத்தரிப்பூ நிறம் ஏறும். எவ்வளவு புரதமோ அவ்வளவு நிறம். மெஷின் அதை உறிஞ்சி, நிறத்தை அளந்து, திரையில் எண்ணாகக் காட்டும்.

ஆனால் நிறம் ஏறியிருக்கிறதா இல்லையா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஏறாத நிறத்தை அதற்கு முதலில் காட்ட வேண்டும். அதற்காக ஒரு டியூபில் மூத்திரத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் ஒரு பொட்டு விடுவோம். அதற்குப் பெயர் பிளாங்க். இதுதான் பூஜ்யம், இதற்கு மேல் உள்ளதை எண்ணிச் சொல் என்று மெஷினிடம் காட்டுகிற டியூப் அது. யாருடைய மூத்திரமும் இல்லாத அந்த டியூபுக்குத்தான் அக்கா அதிக மரியாதை கொடுப்பார். மற்ற டியூப்களை ஒரு தரம் கழுவினால் அதை இரண்டு தரம் கழுவுவார்.

டப்பாக்களில் நான் நம்பர் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். பேர் எழுதக் கூடாது. பேரைப் பார்த்தால் ஆளைத் தெரியும், ஆளைத் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பார். ஒரு நம்பரைத் திரும்பப் போட்டால் அந்த வரிசையில் உள்ள எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். இது அவர் வைத்த சட்டம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

முதலாளியின் மாமனார் ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். ஒருநாள் அவரும் வந்து டப்பா கொடுத்துவிட்டுப் போனார். புரதம் நிறைய வந்தது. முதலாளி உள் அறைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது, மாமா நல்லா மாடிப்படி ஏறி நடந்து வந்தாரு. இவ்வளவு இருக்குமா? அந்த ஒண்ண மட்டும் இன்னொரு தரம் போட்டுப் பாரு."

"போடறேன் சார். எல்லாத்தையும் போடறேன்."

"மத்தவங்களுக்கு என்ன கேடு? அவங்களுக்கெல்லாம் சரியாத்தான வந்திருக்கு?"

"சரியா வந்திருக்குன்னு எப்புடி சார் சொல்ல முடியும்? நமக்குப் புடிச்ச மாதிரி வந்திருக்கு. அவ்ளோதான்."

"இதுல புடிக்கிறது என்ன, புடிக்காதது என்ன?"

"புடிக்காதத மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டோம்னா, என்னைக்காவது புடிச்ச நம்பர் வந்துடும் சார். வந்ததும் நிறுத்திக்குவோம். அப்புறம் அது மெஷின் சொன்னதா, நாம சொன்னதா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியே ஜனம் காத்துக் கிடந்தது. சமைக்காமல் வந்த பொம்பளைகள், வெறும் வயிற்றோடு வந்த கிழவர்கள். எல்லாவற்றையும் திரும்பப் போட்டதில் இரண்டு மூன்று பேருக்கு பஸ் போய்விட்டது. அவர்கள் வந்து சத்தம் போட்டதெல்லாம் என்னிடம்தான். மாமாவுக்கு மறுபடியும் அதே நம்பர் வந்தது. மாமா மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார்.

இன்னொரு குணமும் உண்டு அவரிடம். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை வராது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்குல்லம்மா?" என்று யாராவது கண்ணில் ஏக்கத்தோடு கேட்டால், "டாக்டரைப் பாருங்க" என்பார். "ஒண்ணும் இருக்காது, போயிட்டு வாங்க" என்று சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னால் படியிறங்கும்போது ஒரு தெம்போடு போவார்கள். நான் அப்படிச் சொல்வதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் என் பாப்பாவுக்கு உடம்புக்கு வந்தது. இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்தால் இமை இரண்டும் வீங்கியிருக்கும். கொசுக்கடி என்று நினைத்தேன். பிறகு கால், பிறகு வயிறு. லேபில் உட்கார்ந்திருக்கிற எனக்கே தோன்றவில்லை பாருங்கள். திருச்சி டாக்டர்தான் சொன்னார், மூத்திரத்தில் புரதம் ஏகமாகப் போகிறது, அதனால்தான் வீக்கம் என்று. மாத்திரை கொடுத்தார். உப்பை நிறுத்தச் சொன்னார். மாத்திரை ஆரம்பித்ததும் வீக்கம் வடிந்தது, ஆனால் முகம் உருண்டையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பூசணிக்காய் என்று கூப்பிட்டார்கள். மாத்திரையால் பசி வேறு. உப்பில்லாத சோற்றைத் தட்டு தட்டாகத் தின்பாள். தின்றுவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைப்பாள். அதைப் பார்க்கிற கொடுமை எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். காலை மூத்திரத்தில் புரதம் சுத்தமாக இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் அவருக்கு ஃபோன் செய்ய வேண்டும். மாத்திரையைப் பாதியாகக் குறைப்பார். சாப்பாட்டில் உப்பும் கொஞ்சம் சேர்க்கலாம். புரதம் இருக்கும்போதே அவசரப்பட்டுக் குறைத்தால் திரும்ப வீங்கும், எல்லாம் முதலிலிருந்து.

அதனால் வாரம் ஒருமுறை பாப்பாவின் டப்பாவும் மற்றவர்கள் டப்பாவோடு நம்பர் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். எந்த நம்பர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வாரமும் புரதம் இருந்தது. கொஞ்சம் குறையும், கொஞ்சம் ஏறும். முதலாளி, "சரியாயிடும்மா, சின்னப் புள்ளதானே" என்பார். கீழே செருப்புக் கடைக்காரர்கூட, "பாப்பா தேறிடும், பாருங்க" என்பார். அக்கா மட்டும் சொன்னதே இல்லை. ஒருநாள் நான் வாய்விட்டே கேட்டேன்.

"ஏக்கா, ஊரே சொல்லுது. உங்க வாயால ஒரு தடவ சரியாயிடும்னு சொன்னா என்ன?"

"நான் சொன்னா நீ அத ரிப்போர்ட்டுன்னு எடுத்துக்குவ" என்றார். சொல்லிவிட்டு டியூப் கழுவப் போய்விட்டார். அன்றைக்கு அவரோடு சேர்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. தனியாகச் சாப்பிட்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. காலை வரிசை முடிந்து, நம்பர்களை எழுதி அக்கா வெளியே கொடுத்தார். பாப்பாவின் நம்பருக்கு நேரே பூஜ்யம். நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே ஓடி, "அக்கா, பாப்பாவுக்கு இல்லக்கா! சுத்தமா இல்ல!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் முகம் சுருங்கியது. எனக்கு அது உறைக்கவே இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் சத்தம் போட்டுச் சிரித்தார். "வரும்போது காராச்சேவு வாங்கிட்டு வரேன், கொஞ்சூண்டு குடுப்போம்" என்றார். டாக்டருக்குப் போட்டேன், லைன் கிடைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து உள்ளே போனால், அக்கா சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. காலையில் வந்த நம்பர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு எல்லாருக்கும் குறைச்சலா வந்திருக்கு" என்றார்.

"இருந்துட்டுப் போகட்டுமேக்கா. எல்லாரும் நல்லா இருந்தா உங்களுக்கென்ன?"

"எல்லாரும் ஒரே நாள்ல நல்லாவ மாட்டாங்க பிள்ள."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். காலையில் வைத்த பிளாங்க் டியூபில் மிச்சம் இருந்தது. இன்னொரு டியூபில் மருந்தை மட்டும் புதிதாக ஊற்றி இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. சேர்த்துப் பார்த்தால் தெரிந்தது. பிளாங்க்கில் லேசாகக் கத்தரிப்பூ நிறம் ஏறியிருந்தது. வெறும் தண்ணீர் விட்ட டியூபில் எப்படி நிறம் ஏறும்?

அவர் மேஜையில் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தார். "நான்தான்" என்றார். மூத்திரம் ரொம்பக் கனமாக இருந்தால் தண்ணீர் சேர்த்து இளக்கிப் போடுவது வழக்கம். காலையில் ஒன்றை அப்படி இளக்கும்போது, பொட்டு விடுகிற குழலின் மூத்திரம் தொட்ட முனையாலேயே கிண்ணத்திலிருந்து இரண்டாவது தடவை தண்ணீர் எடுத்திருக்கிறார். கிண்ணம் கெட்டுவிட்டது. அதே கிண்ணத்திலிருந்து பிளாங்க்குக்குப் பொட்டு விட்டிருக்கிறார். நிறம் ஏறிய டியூபை மெஷினிடம் காட்டி, இதுதான் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறார். மெஷின் அதை நம்பி, எல்லாருடைய கணக்கிலும் அந்த அளவைக் கழித்துவிட்டது. கொஞ்சமாகப் புரதம் இருந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று வந்துவிட்டது.

"டாக்டருக்கு ஃபோன் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

"லைன் கெடைக்கல."

"பண்ணாத."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "உங்களுக்கு ஒரு நல்ல சேதி பொறுக்காதாக்கா? எம் புள்ள சீக்காவே கெடக்கணுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் நிம்மதியா இருந்தது உங்க கண்ண உறுத்துதா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பெற்றவளாக இருந்தால் தெரியும் என்றுகூடச் சொன்னேன். அவருக்கு அப்போது பிள்ளை இல்லை.

அவர் கிண்ணத்தைக் கொட்டிக் கழுவினார். புதுத் தண்ணீர், புது டியூப்கள், எல்லா டப்பாவும் முதலிலிருந்து. நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாவின் டியூப் சூட்டிலிருந்து வெளியே வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மெஷின் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்குள் காலை ரிப்போர்ட் பலர் கைக்குப் போயிருந்தது. அக்கா முன் அறைக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டார். "காலைல குடுத்த ரிப்போர்ட் தப்புங்க. என் கையில நடந்த தப்பு. அத வச்சு மருந்த நிறுத்திடாதீங்க. வாங்க, வேற தரேன்." எல்லாரிடமும் இதே வார்த்தைகள். லப்பைக்குடிக்காட்டில் ஒரு மாசமான பெண், புருஷன் துபாயில். ஃபோனை எடுத்தது மாமியார். "யா அல்லாஹ்! காலைல நல்லாருக்குன்னு குடுத்துட்டு இப்ப நல்லால்லைன்னா என்னம்மா வெளையாட்டு இது? நாங்க என்ன கூறுகெட்ட ஜனமா?" என்று அந்த அம்மா கத்தியது எனக்கே கேட்டது. அக்கா காதிலிருந்து ஃபோனை எடுக்காமல் முழுவதும் கேட்டார். கடைசியில், "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. பிரஷரும் பாக்கச் சொல்லுங்க" என்றார். கூட்டிக்கொண்டு போனார்கள். பிரஷர் ஏறியிருந்ததால் அப்படியே பெட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பிரசவம் நல்லபடியாக நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி வந்து ஆடித் தீர்த்துவிட்டார். "நீ பாட்டுக்கு ஊர் பூரா ஃபோனப் போட்டுத் தப்பு தப்புங்கிற. போர்டுலயே எழுதி மாட்டிடலாமா, இங்க தப்புத் தப்பா பாத்துத் தரப்படும்னு? சத்தமில்லாம வேற ரிப்போர்ட் குடுத்திருக்கலாம்ல?"

"சத்தமில்லாம குடுத்தா பழச வச்சுக்கிட்டுத்தான் சார் இருப்பாங்க. நல்ல ரிப்போர்ட்ட யாரும் திருப்பிக் குடுக்க மாட்டாங்க."

எங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் அன்றோடு அனுப்புவதை நிறுத்தினார். பிறகு அவர் அனுப்பவே இல்லை. அக்காவின் வேலை போகாததே பெரிய விஷயம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் காராச்சேவு பொட்டலத்தோடு வந்தார். லாரித் தூசி தலையில் அப்படியே இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். பாப்பா, "அப்பா, எண்ணெ வாசன வருது" என்றாள்.

அக்காவோடு நான் ரொம்ப நாள் பேசவில்லை. நம்பர் ஒட்டிய டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவரும் வலிய வந்து பேசவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அதற்குப் பிறகு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதையே விட்டுவிட்டார். பிளாங்க்குக்கு மட்டும் தனியாக மூடி போட்ட ஒரு சின்ன பாட்டில். ஒவ்வொரு வரிசைக்கு முன்னாலும் பிளாங்க்கை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் புது மருந்தோடு சேர்த்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு இரண்டாவது தடவையும் பார்ப்பார். பஸ் டிரைவரிடம் கேட்பதைப் போல.

கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. ஒருநாள் காலையில் ஒரு தாத்தா ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "நல்லாருக்காம்மா?" என்றார். ஒண்ணும் இருக்காது தாத்தா என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. "டாக்டரப் பாருங்க தாத்தா" என்றேன். உள்ளே டியூப் கழுவுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அன்றைக்கு மத்தியானம் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கோவைக்காய்ப் பொரியலை என் பக்கம் தள்ளினார்.

இப்போது நான் அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன். இங்கே பெரிய மெஷின். டப்பாவைச் செருகினால் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பிளாங்க் உள்ளுக்குள் எங்கோ இருக்கிறது, கண்ணில் படாது. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க ஒரு டியூபும் இல்லை. எல்லாருக்கும் நல்ல நம்பராக வருகிற நாளில் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டச் சொல்வேன். கூட வேலை பார்க்கிற பெண்கள் முணுமுணுப்பார்கள். அக்கா புருஷனோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாகவும் யாரோ சொன்னார்கள். அதை இன்னொருவரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். பாப்பா பிளஸ் ஒன் படிக்கிறாள். இடையில் இரண்டு தடவை அந்தக் கோளாறு திரும்ப வந்தது, திரும்பப் போனது. இப்போது நன்றாக இருக்கிறாள். ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது அவளுக்கு.

ஆனால் முதல் தடவை சரியான அந்த நாளைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். காராச்சேவு நாளுக்குப் பிறகு ஓரிரு மாதம் ஆகியிருக்கும். அக்கா நம்பர்களை எழுதி வெளியே கொடுத்தார். பாப்பாவின் நம்பருக்கு நேரே பூஜ்யம். நான் எழுந்து நிற்கவில்லை. ஃபோனைத் தொடவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மேஜையில் வைத்தேன்.

"அக்கா, திரும்பப் போடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எந்த நம்பர் என்று கேட்கவில்லை. "எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும்."

போட்டார். புதுத் தண்ணீர், புது டியூப்கள். வெளியே ஆட்கள் சத்தம் போட்டார்கள். நான் போகவில்லை. திரையில் ஒவ்வொரு நம்பராக வந்தது. காலையில் வந்தது போலவே வந்தது. நிறையப் போனவர்களுக்கு நிறையப் போனது. கொஞ்சம் போனவர்களுக்குக் கொஞ்சம் போனது. பாப்பாவுக்குப் பூஜ்யம்.

அக்கா பாப்பாவின் நம்பரை என்னிடம் கேட்டு, வரிசையிலிருந்து பிளாங்க் டியூபையும் அந்த டியூபையும் எடுத்தார். முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் இரண்டையும் மாற்றி மாற்றிக் குலுக்கினார். சின்னப் பிள்ளைகள் எந்தக் கையில் மிட்டாய் என்று விளையாடுவார்களே, அப்படி. அவரிடம் விளையாட்டு இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் தூக்கிப் பிடித்தார்.

"இதுல எது பாப்பா, எது பிளாங்க்? பாத்துச் சொல்லு."

பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டும் ஒரே சிவப்பு.

"தெரியலக்கா" என்றேன்.

அவரும் ஒருமுறை பார்த்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். முகம் சுருங்கவில்லை.

"எனக்கும் தெரியல" என்றார். "இப்பப் பண்ணு ஃபோன."